நல்லக்கா

அவளுடைய கணவன் கப்பல் வேலைக்குப் போன முதல் வருடம் மாதம் தவறாமல் பேசினான். அடுத்த வருடம் எப்போதாவது பேசினான். அதன்பிறகு கிணற்றில் போட்ட கல்தான். செத்துப்போனான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். பகல் முழுவதும் ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அண்ணி பேசுவாள். நாத்தனார் வந்து உட்கார்ந்தால் வீடு இரண்டுபடும் என்று அக்கம்பக்கத்தில் ஆவலோடு காத்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அண்ணிக்குப் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்தது, இவளுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது. போகப்போக அண்ணன்தான் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஆனார்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைப் பதிவு செய்யும் கவுன்டரில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் எல்லாவற்றையும் கடகடவென்று கேட்டுக்கொண்டே வந்தாள். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. பிறகு, திருமணமானவரா, ஆகாதவரா, கணவனை இழந்தவரா, விவாகரத்து ஆனவரா என்று கேட்டாள். இவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பெண் அலுத்துப்போய் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

சில வருடங்கள் அதனால் ஒரு குறையும் வரவில்லை. மகள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோதுதான் வந்தது. ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வைத்தியம் இலவசம், குடும்ப மருத்துவ அட்டை இருந்தால் போதும். அட்டை கொடுக்கும் இடத்தில் இருந்தவர் தேடிப் பார்த்துவிட்டு, திருமணமானவர்கள் பட்டியலில் அவள் இல்லை என்றார். சரி, மற்றவர்கள் பட்டியலில் பாருங்கள் என்றாள். திருமணமாகாதவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் அதே வளாகத்தில் தங்கும் அறை கொடுப்பார்கள், அதற்கு ஒரு பட்டியல் இருந்தது. அதிலும் அவள் இல்லை.

"அதுலயும் இல்ல, இதுலயும் இல்லன்னா, நான் இங்க வேலையே பார்க்கலையா?" என்று கேட்டாள்.

அவர் திரையை மறுபடி ஒருமுறை பார்த்தார். பட்டியல் கீழேயிருந்து வருகிறது என்று மட்டும் சொன்னார். மகளின் கைக்குக் கட்டுப் போட்டு அண்ணியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள்.

கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் இயந்திரங்களுக்கும் மின்சார அறைக்கும் நடுவே இருந்தது தரவுப் பிரிவு. ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கை விரிப்புகள் சுழலும் சத்தம் ஓயாமல் கேட்கும். அங்கே வேலை பார்த்தவனை எல்லாரும் மின்னல் என்பார்கள். விசைப்பலகையில் அவன் விரல் ஓடுகிற வேகம் அப்படி. இவள் வயதுதான் இருக்கும். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவளுடைய பதிவை எடுத்துப் பார்த்தான். பார்த்ததும் சிரித்தான்.

பட்டியல் எடுப்பதற்குப் பெயர் க்வெரி. அவன் சொன்னது சுருக்கமாக இதுதான்: க்வெரி என்பது கம்ப்யூட்டர் ஒவ்வொரு பதிவிடமும் போய்க் கேட்கும் கேள்வி. நீ திருமணமானவரா என்று கேட்கும். ஆமாம் என்பவரைச் சேர்த்துக்கொள்ளும், இல்லை என்பவரை விட்டுவிடும். இன்னொரு பட்டியலுக்கு, நீ திருமணமானவர் அல்லாதவரா என்று கேட்கும். அதற்கும் ஆமாம் என்பவரைத்தான் சேர்க்கும். கட்டம் காலியாக இருக்கிற பதிவு முதல் கேள்விக்கும் தெரியாது என்கிறது, இரண்டாவது கேள்விக்கும் தெரியாது என்கிறது. தெரியாது என்று சொல்பவரைக் கம்ப்யூட்டர் எதிலும் சேர்க்காது. காலிக் கட்டத்துக்கு அவர்கள் வழக்கில் 'நல்' என்று பெயர், ஒன்றுமில்லை என்பதற்கான ஆங்கிலச் சொல்.

"இல்லன்னு சொல்லியிருந்தாகூட நீங்க ஒரு பட்டியல்ல வந்திருப்பீங்க. நீங்கதான் ஒண்ணுமே சொல்லலியே," என்றான் மின்னல்.

"என்ன மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

அவன் அதுவரை அதைக் கேட்டுப் பார்த்ததில்லை. திரும்பி உட்கார்ந்து, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறவர்களை மட்டும் எடு என்று எழுதினான். திரை நிறையப் பெயர்கள் வந்தன. நர்ஸுகள், ஒரு காவலாளி, சமையற்கட்டில் இருந்தவர்கள், இரண்டு டாக்டர்கள்கூட. அவர்களில் ஒருவருக்கும் எந்த அறிவிப்பும் போனதில்லை. ஒருவரும் வந்து கேட்டதுமில்லை. தமக்குக் கொடுப்பினை இல்லை என்று இருந்துவிட்டார்கள். சிலரை அவளுக்குத் தெரியும். அட்டை இல்லாததால் வெளியே கைக்காசு போட்டு வைத்தியம் பார்த்த நர்ஸ் ஒருத்தி அவளுடைய கவுன்டருக்கு எதிரில்தான் நாள் முழுவதும் நடமாடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அது மண்டையில் ஏறிக்கொண்டது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு, வாயில்லாத பிள்ளைக்குப் பால் கிடைக்காது என்று கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டதா என்றாள். காலிக் கட்டக்காரர்களையும் மின்னல் பட்டியலில் சேர்த்ததில், கட்டம் காலியாக இருந்தபடியே அட்டை ஒரு வழியாக வந்தது. ஆனால் அதோடு அவள் விடவில்லை. மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். பள்ளிக் கணக்கே தகராறு என்றிருந்தவளுக்கு இந்தக் கேள்வி கேட்கும் பாஷை மட்டும் எப்படியோ பிடிபட்டது. கீழ்த்தளத்தில் இடம் காலியானபோது விண்ணப்பித்தாள், கிடைத்தது.

அங்கே அவள் எல்லாருடைய க்வெரியையும் எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "'நல்'லப் பார்த்தியா?" முதலில் கேலியாக நல் அக்கா என்றார்கள். வாயில் புழங்கிப் புழங்கி அது நல்லக்கா ஆகிவிட்டது. மேல்மாடிக்காரர்கள் அவளுடைய குணத்துக்காகத்தான் அந்தப் பெயர் என்று நினைத்தார்கள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மின்னல் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை.

அவளுடைய சொந்தக் கட்டமும் ஒருநாள் நிரம்பியது. பஸ் பணிமனையில் அண்ணனிடம் ஒருவர் வந்து பேசியிருக்கிறார், அதே கப்பலில் வேலை பார்த்தவர். அவளுடைய கணவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வீடு வாசலோடு இருக்கிறான், மனைவி இருக்கிறாள், ஒரு பையனும் இருக்கிறான். அன்று அண்ணன் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். அண்ணி வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே மீதிப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றாள். விவாகரத்துக் கிடைக்க வெகுகாலம் இழுத்தது. கிடைத்த மறுநாள் அவளே அலுவலகத்துக்குப் போய் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னாள். இத்தனை வருடமாக ஏன் நிரப்பவில்லை என்று கேட்டார்கள். அப்போது தெரியாது, இப்போது தெரியும் என்றாள். அன்று மதியம் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய சமயத்தில்தான் அந்த மாத்திரை விவகாரம் வந்தது.

மூட்டு வலிக்காக அந்த மருத்துவமனையில் பல பேருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அது ஆகாது, உடனே நிறுத்த வேண்டும் என்று சுகாதாரத் துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையில் ஒரு எண்ணாகச் சொல்லிவிடலாம். எண் குறையக் குறைய ஆபத்து. சிறுநீரகப் பிரிவு டாக்டர் இளம் வயதுப் பெண், நடையில் எப்போதும் ஒரு அவசரம். அவர் கீழே இறங்கி வந்து, அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் எண் குறைவாக உள்ள எல்லாரும் வேண்டும் என்றார். மின்னல் அவர் நிற்கும்போதே எழுதி எடுத்துக் கொடுத்துவிட்டான். பட்டியல் ஒரே பக்கம்தான். இவ்வளவுதானா, பரவாயில்லை என்று டாக்டர் மேலே போனார்.

நல்லக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண் குறைவாக இல்லாதவர்களை எடுத்தாள். மாத்திரை சாப்பிடுகிற மொத்தப் பேரையும் எடுத்தாள். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வரவேண்டும். பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டு பட்டியலிலும் வராமல் நின்ற கூட்டம்தான் பெரிது. ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

மூன்று பட்டியலையும் எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனாள். அவர் கெட்டவர் அல்ல, ஓய்வு பெறும்வரை ஒரு வம்பும் வேண்டாம் என்று இருந்தவர். டாக்டர் கேட்டதைக் கொடுத்துவிட்டோம், கேட்காததை நாமாகக் கொடுத்து ஊரைக் கூட்ட வேண்டுமா என்றார். பரிசோதனை செய்யாதவருக்குக் குறைவு என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். குறைவு இல்லை என்றும் சொல்ல முடியாதே என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, மேலே போய் டாக்டரிடமே கேட்டுக்கொள் என்றார்.

டாக்டர் வார்டில் இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவருடைய நடை நின்றது.

"டெஸ்ட் எடுத்து எண் குறைஞ்சிருந்தா, யாராவது ஒரு டாக்டர் அதைப் பார்த்திருப்பாங்க," என்றார். "இவங்களை யாருமே பார்க்கல. எனக்கு இவங்கதான் முதல்ல வேணும். சாயங்காலத்துக்குள்ள கொடுக்க முடியுமா?"

முடியும் என்றாள். அங்கேதான் சறுக்கினாள். நிபந்தனையைப் பிரித்து, எண் குறைவாக இருப்பவர்கள் அல்லது எண் இல்லாதவர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய க்வெரியில் வேறு பல நிபந்தனைகள் பின்னிக் கிடந்தன. இடையில் ஒரு 'அல்லது' நுழைத்தால் எல்லாம் புரண்டுவிடும் என்று பயந்தாள். சுலபமாக ஒரு வழி இருந்தது. எண் இல்லாத இடத்தில் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டாள். பூஜ்யம் எந்த எண்ணைவிடவும் குறைவுதானே, எல்லாரும் தானாக உள்ளே வந்துவிடுவார்கள். வந்தார்கள். பெயர்களைச் சரிபார்த்தாள், ஒருவரும் விட்டுப்போகவில்லை. நிம்மதியாக மேலே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பட்டியலில் பெயருக்கு நேரே எண்ணும் அச்சாகியிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. தொலைபேசியில் கூப்பிடும் ஊழியர்களிடம், நோயாளிக்கு அவருடைய எண்ணைச் சொல்லி உடனே வரச்சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களும் அப்படியே சொன்னார்கள்.

மறுநாள் காலையில் ஒரு பெண் கீழ்த்தளத்துக்கே வந்துவிட்டாள். பின்னால் அவளுடைய கணவர், எண்ணெய்க் கறை படிந்த சட்டையும் இடுப்பில் கருவிப் பையுமாக. லிஃப்ட் மெக்கானிக். வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்திலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மேலே நாலு இடத்தில் கேட்டு, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்பிடித்து வந்தவள், கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"கிட்னி பூஜ்யம்னா என்னம்மா அர்த்தம்? நேத்து போன் வந்ததிலிருந்து இவர் மூச்சு விடறாரா விடறாரான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். எம் பொண்ணு வெளியூர்லேருந்து அழுதுகிட்டே கிளம்பிட்டா."

பிரிவுத் தலைவர் எழுந்து வந்து, இது கம்ப்யூட்டரில் வந்த சின்னக் கோளாறு என்று தொடங்கினார். நல்லக்கா குறுக்கிட்டாள்.

"கம்ப்யூட்டர் தப்பு இல்லீங்க. தப்பு என்னோடது. உங்க வீட்டுக்காரருக்கு அந்த டெஸ்ட்டே எடுக்கல. எடுக்காததை நான் பூஜ்யம்னு எழுத வச்சுட்டேன்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

 சுவருக்கு அந்தப் பக்கம் விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்தன. இரண்டு பட்டியலிலும் இல்லாதவளாகப் பல வருடம் இருந்தவள், அடுத்தவர் கட்டத்தில் இல்லாததை எழுதிவிட்டாளே என்று நல்லக்கா மனதுக்குள் குமைந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு இருவரையும் உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வந்ததே வந்துவிட்டீர்கள், ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டாள். அவர் மாட்டேன் என்றார். தான் கல்லுமாதிரி இருப்பதாகவும், அங்கே ஒரு லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவர் கருவிப் பையை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனார்.

அன்று முழுவதும் நல்லக்கா க்வெரியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்ப எழுதினாள். மின்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நிபந்தனையாக அடைப்புக்குறிக்குள் போட்டுக் கொடுத்தான். எண் குறைவானவர்கள் ஒரு பகுதியாகவும், எண்ணே இல்லாதவர்கள் தனிப் பகுதியாகவும் வந்தார்கள். இல்லாத இடத்தில் 'பரிசோதிக்கவில்லை' என்று அச்சானது. பிறகு அவளே தொலைபேசி அறைக்குப் போய் உட்கார்ந்து, முதல் நாள் பூஜ்யம் என்று கேட்டுப் பதறிய ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினாள். சிலர் நன்றி சொன்னார்கள். நிறையப் பேர் காது கூசும்படி திட்டினார்கள். ஒருவர் மொத்தச் சொத்தையும் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டாராம், இனி எந்த முகத்தோடு அதை நிறுத்துவது என்று அவளிடமே யோசனை கேட்டார்.

பட்டியலில் முதல் நாள் யாரும் போன் எடுக்காத வீடுகளும் இருந்தன, அவற்றில் ஒன்றில் மகன் எடுத்தான். அவனுடைய அம்மா பாட்டு டீச்சர், போன மாதமே வேறொரு மருத்துவமனையில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிட்டதாகச் சொன்னான். அந்த மாத்திரையினாலா என்று கேட்டான். தெரியாது என்று உண்மையைச் சொன்னாள். டாக்டரைப் பேசச் சொல்கிறேன் என்றாள். வைத்துவிட்டு, அந்த வீட்டு எண்ணை டாக்டருக்கு எழுதி அனுப்பிய பிறகுதான் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கும் இருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். சரியான நேரத்தில் பிடித்துவிட்டதாகச் சொன்னார். மாதாமாதம் மெக்கானிக் பரிசோதனைக்கு வரும்போது கீழ்த்தளத்திலும் தலையைக் காட்டிவிட்டுப் போவார். உப்பைக் குறைக்கச் சொன்னதை டாக்டரிடம் குறைப்பட்டுக்கொள்ள முடியாமல் இவளிடம் குறைப்பட்டுக்கொள்வார். மனைவி மட்டும் வாசலிலேயே நிற்பாள். வெகுநாள் கழித்து ஒருமுறை உள்ளே வந்து, அன்றைக்கு நீ சாக்குப்போக்குச் சொல்லியிருந்தால் நான் இவரை அப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிர்வாகத்திலிருந்து நல்லக்காவுக்கு ஒரே உறையில் இரண்டு தாள் வந்தன. தவறான தகவல் அனுப்பியதற்குக் கண்டிப்பு ஒன்று, விடுபட்டவர்களைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு ஒன்று. எதை முதலில் படிப்பது என்று மின்னல் கேட்டான். அவள் இரண்டையும் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள். பிரிவுத் தலைவர்தான் அதிலிருந்து ஒரு விதி கொண்டுவந்தார். இனிமேல் எந்தப் பட்டியல் போனாலும், உண்டு என்பவர் எத்தனை, இல்லை என்பவர் எத்தனை, தெரியாதவர் எத்தனை என்று மூன்றையும் மேலே எழுத வேண்டும். மேல்மாடியில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது.

செய்தி காற்றோடு போயிருக்க வேண்டும். கடலோர நகரத்தில் இருந்த வேறொரு மருத்துவமனையிலிருந்து, தங்கள் பட்டியல்களையும் ஒருமுறை பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டு அவளை அழைத்தார்கள். தங்க அறையும் போக்குவரத்தும் அவர்களே கொடுத்தார்கள். அவள் தனியாக எங்கும் போனதில்லை. அண்ணியைக் கூப்பிட்டாள். கடலைப் பார்த்ததில்லை என்பதை அண்ணி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அன்று சொன்னாள். அண்ணனுக்கு இரண்டு நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டு இருவரும் ரயிலேறினார்கள்.

இரண்டு நாளில் முடியவில்லை. அங்கே வேறு வியாதி. யாரோ சுத்தமாக இருக்கட்டும் என்று பல வருடங்களுக்கு முன்பே காலிக் கட்டங்களில் எல்லாம் பூஜ்யத்தை நிரப்பி வைத்திருந்தார்கள். உண்மையான பூஜ்யம் எது, நிரப்பின பூஜ்யம் எது என்று க்வெரியால் பிரிக்க வழியில்லை. பரிசோதனைக்கூடத்தின் பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக இறக்கி, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நல்லக்கா பகலெல்லாம் தூசியில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தாள்.

அண்ணி வீட்டுக்கு போன் போட்டு, வேலை முடியவில்லை, தானாக ஏதாவது சமைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் சொன்னாள். அவர் சரி என்று ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டார். அண்ணி காலையிலும் மாலையிலும் கரைக்குப் போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையில் நின்றுவிட்டு வந்தாள். அறைக்குத் திரும்பினதும் அன்றைக்கு என்னென்ன கப்பல் போனது, எந்தப் பக்கம் போனது என்று ஒன்று விடாமல் சொல்வாள். நல்லக்கா காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நாளைக்கும் முடியாதுல்ல?" என்று கேட்டாள் அண்ணி.

"முடியாது அண்ணி. இன்னும் நிறைய இருக்கு."

"மெதுவா பாரு," என்றாள் அண்ணி. ஈரமான புடவை ஓரத்தைப் பிழிந்து ஜன்னலில் காயப்போட்டாள்.